கிராஃபைத் தொட்டது யாரு?

இந்த வாரம் என்னோட ஒரு சொதப்பல் கதையில இருந்து ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். கேட்டுட்டு சிரிச்சுக்கோங்க. ஆனா கடைசி வரைக்கும் கேளுங்க. லைவ் டேட்டாவை ஸ்க்ரீன்ல கிராஃபா ஓட விடுற புரோகிராம் எழுதுறவங்க யாரா இருந்தாலும், இது என்னைக்காவது ஒருநாள் உங்களுக்கும் நடக்கும்.

காலேஜ் முடிச்சு ரெண்டாவது வருஷம். பேட்டரி பேக் செய்யுற ஒரு சின்ன கம்பெனியில வேலை. ராத்திரி முழுக்க பேட்டரியை சார்ஜ் பண்ணி, டிஸ்சார்ஜ் பண்ணி, அதோட டெம்பரேச்சரை செகண்டுக்கு ஒரு தடவை பதிவு பண்ணணும். அதுக்கான பைத்தான் புரோகிராமை நான்தான் எழுதினேன். சீரியல் போர்ட்ல வர்ற ஒரு வரியைப் படிக்கும், கருப்பு கன்சோல் விண்டோல பிரிண்ட் பண்ணும், சிஎஸ்வி ஃபைல்ல எழுதும், கிராஃபை ஒரு புள்ளி நகர்த்தும். நாலு வேலையும் ஒரே லூப்ல. எனக்கு அப்போ ரொம்பப் பெருமை.

ஒருநாள் காலையில ஏழரைக்குப் போய்ப் பார்க்கிறேன். நைட் ஷிஃப்ட் டெக்னீஷியன் அண்ணன் ரிஜிஸ்டர்ல அழகா எழுதி வெச்சிருக்கார். 11 மணிக்கு 38.6. ஒரு மணிக்கு 38.6. மூணு மணிக்கு 38.6. அஞ்சு மணிக்கும் 38.6. எனக்கு ஒரே சந்தோஷம். என்னா ஸ்டெடியா இருக்கு பாரு, நம்ம பேக்குன்னு!

ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் உறைச்சது. சார்ஜ் ஏறி இறங்குற பேட்டரி ராத்திரி முழுக்க ஒரே டெம்பரேச்சர்ல எப்படி இருக்கும்? கிராஃபோட கடைசிப் புள்ளியைப் பார்த்தேன். முந்தின நாள் ராத்திரி 8:40. அதுக்கு அப்புறம் எதுவுமே நகரலை. அண்ணன் மேல தப்பே இல்லை. ஸ்க்ரீன்ல இருந்ததை அவர் எழுதினார். ஸ்க்ரீன்தான் பொய் சொல்லிச்சு.

கருப்பு விண்டோல என்டர் தட்டினேன். கடகடன்னு சுமார் இருநூறு வரி கொட்டிச்சு. கிராஃப் என்ன பண்ணிச்சு தெரியுமா? 8:40 புள்ளியில இருந்து காலை 7:30 புள்ளி வரைக்கும் ஒரு நேர்கோடு போட்டுது. பார்க்க நிஜ டேட்டா மாதிரியே இருந்துச்சு. கிட்டத்தட்ட பதினோரு மணி நேரம் காலி.

நல்லவேளை, சேம்பருக்குன்னு தனியா ஒரு தெர்மல் கட்-ஆஃப் இருந்தது. அது என் புரோகிராமை நம்பி இல்லை. ஆனா அந்த ராத்திரி பேக் சூடாகியிருந்தா, பார்க்க வேண்டிய ஆள் பார்த்திருக்க வேண்டிய எண் ஸ்க்ரீன்ல வந்திருக்கவே வந்திருக்காது.

"யார் தொட்டாங்க?" இதுதான் ஆபீஸ்ல எழுந்த முதல் கேள்வி. ராத்திரி எட்டரை மணிக்கு மேல ஹவுஸ்கீப்பிங் அக்கா டேபிள் தொடைக்க வருவாங்க. மவுஸ் மேல துணி பட்டிருக்கும். அக்காவுக்குத் திட்டு விழுந்தது. நான் ஒரு ஏ4 பேப்பர்ல பெருசா 'தொடாதீர்கள்'னு பிரிண்ட் எடுத்து மானிட்டர்ல ஒட்டினேன். பிரச்சினை தீர்ந்துதுன்னு நெனச்சேன்.

மூணு வாரம் கழிச்சு, மத்தியானம். டீ கப்பை வைக்க இடம் இல்லாம மவுஸை ஓரமா தள்ளினேன். டிக்னு ஒரு சத்தம். கிராஃப் நின்னுடுச்சு. என் கண்ணு முன்னாடி, என் கையால.

அன்னைக்குத்தான் உட்கார்ந்து முழுசா படிச்சேன். அதைத்தான் இப்போ சொல்லப் போறேன்.

ஒரு கிளிக் எப்படி டேட்டாவை நிறுத்துது?

விண்டோஸோட பழைய கருப்பு கன்சோல்ல 'குயிக் எடிட்'னு ஒரு வசதி இருக்கு. விண்டோஸ் 10ல அது தானாவே ஆன்ல இருக்கும். விண்டோக்குள்ள ஒரு கிளிக் பண்ணினா, நீங்க எழுத்தை செலக்ட் பண்ணி காப்பி பண்ணப் போறீங்கன்னு அது எடுத்துக்கும். செலக்ட் பண்ணும்போது எழுத்து ஓடினா கஷ்டம் இல்லையா? அதனால புதுசா எழுத வர்றவங்களை எல்லாம் காக்க வைக்கும். விண்டோ தலைப்புக்கு முன்னாடி 'செலக்ட்'னு ஒரு சின்ன வார்த்தை சேரும். அவ்வளவுதான் அடையாளம்.

இப்போ என் லூப்பை நெனச்சுப் பாருங்க. முதல்ல பிரிண்ட், அப்புறம் ஃபைல், அப்புறம் கிராஃப். பிரிண்ட் அங்கேயே நின்னுடுச்சு. ஃபைல் எழுதுற வரிக்கு லூப் வரவே இல்லை. யாராவது என்டரோ எஸ்கேப்போ தட்டுற வரைக்கும் அப்படியே நிக்கும்.

அந்த இருநூறு வரி எங்கிருந்து வந்துச்சு? சீரியல் போர்ட்டுக்கு ஒரு பஃபர் இருக்கும். தண்ணித் தொட்டி மாதிரி. நாம எடுக்கலைன்னா அதுல சேரும். என் செட்டப்ல அது 4,096 பைட். ஒரு வரி சுமார் 20 பைட். வகுத்துப் பாருங்க, இருநூத்திச் சொச்சம் வரி. மூணரை நிமிஷத்துல தொட்டி நிரம்பிடுச்சு. அதுக்கு மேல வந்தது எல்லாம் வழிஞ்சு போச்சு. இதுல இன்னொரு கொடுமை, நான் டைம்ஸ்டாம்ப் போட்டது படிக்கிற நேரத்துல. அதனால ராத்திரி 8:40க்கு எடுத்த அளவுகள் எல்லாம் காலை 7:30ன்னு முத்திரை வாங்கிட்டு ஃபைல்ல உட்கார்ந்துடுச்சு. போனது பதினோரு மணி நேரம், இருந்த மூணரை நிமிஷமும் பொய்.

என்னோடது செகண்டுக்கு ஒரு வரி, அதனால மூணரை நிமிஷம் தாங்கிச்சு. 1,15,200 பாட்ல முழு வேகத்துல டேட்டா வருதுன்னு வைங்க. செகண்டுக்கு 11,520 பைட். அதே 4,096 பைட் தொட்டி அரை செகண்டுக்குள்ள நிரம்பிடும். அப்போ யாரோ ஒருத்தர் விண்டோவோட தலைப்புப் பட்டையைப் பிடிச்சு இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரத்துக்கு இழுத்தாலே போதும். விண்டோஸ்ல அப்படி இழுக்கும்போது, நாமளே எழுதின லூப் கை விடுற வரைக்கும் நின்னுடும். கிராஃப் வரையுறதும் டேட்டா படிக்கிறதும் அதே லூப்ல இருந்தா, விண்டோவை நகர்த்தின நேரத்து டேட்டா காலி.

குயிக் எடிட்டை கோடுல இருந்தே ஆஃப் பண்ணலாம். 'செட் கன்சோல் மோட்'னு ஒரு விண்டோஸ் ஃபங்ஷன் இருக்கு. பத்து வரி கூட ஆகாது. நானும் முதல்ல அதைத்தான் பண்ணேன். ஆனா அது ஒரு ஓட்டையை அடைக்கிற வேலை. தொட்டி வழியறதுக்கு இன்னும் எத்தனையோ வழி இருக்கு.

சரியான வழி, படிக்கிறதையும் வரையுறதையும் பிரிக்கிறது. ஒரு த்ரெட், முடிஞ்சா ஒரு தனி புராசஸ், சீரியல் போர்ட்டைப் படிச்சு, அந்த நொடியே டைம்ஸ்டாம்ப் போட்டு, ஃபைல்ல எழுதி, ஃப்ளஷ் பண்ணிட்டு, ஒரு காப்பியை க்யூல போடணும். அது பிரிண்ட் பண்ணக் கூடாது. கிராஃப் விண்டோ அந்த க்யூல இருந்து எடுத்து வரைஞ்சுக்கட்டும். கிராஃப் உறைஞ்சாலும், விண்டோவையே யாராவது மூடிட்டாலும், ஃபைல்ல வரி ஏறிக்கிட்டே இருக்கணும். மூடினா எழுதுறவனும் சேர்ந்து சாகாம இருக்கணும்னா தனி புராசஸ்தான் நல்லது.

ஓடிக்கிட்டே இருக்கு, ஆனா நீங்க பார்க்கிறது பழசு

நின்னு போற கிராஃபையாவது காலையில கண்டுபிடிச்சுடலாம். அதைவிட மோசமானது ஒண்ணு இருக்கு.

பைக்யூடிகிராஃப் நிறைய பேர் பயன்படுத்துவீங்க. லைவ் கிராஃபுக்கு வேகமானது, எனக்கும் பிடிக்கும். அதுல இடது பட்டனைப் பிடிச்சு இழுத்தா கிராஃப் நகரும். வீலை உருட்டினா ஜூம் ஆகும். இதெல்லாம் நீங்க ஒரு வரி கூட எழுதாமலே வரும். ஆனா கை பட்டு ஒரு இன்ச் நகர்ந்தாலும், 'ஆட்டோ ரேஞ்ச்' அந்த அச்சுல ஆஃப் ஆயிடும். அதாவது, புது டேட்டா வர வர கிராஃப் தானா கூடவே போறது நின்னுடும். டேட்டா வலது பக்கம் ஸ்க்ரீனுக்கு வெளியில போய்க்கிட்டே இருக்கும். நீங்க பத்து நிமிஷத்துக்கு முந்தின கோட்டைப் பார்த்துட்டு 'எல்லாம் ஓகே'ன்னு நெனச்சுட்டு இருப்பீங்க. இடது கீழ் மூலையில 'ஏ'ன்னு ஒரு குட்டி பட்டன் இருக்கும், அதைத் தட்டினா திரும்ப வந்துடும். ஆனா கிராஃப் மேல மவுஸ் போனாத்தான் அந்த பட்டனே கண்ணுக்குத் தெரியும்.

மேட்பிளாட்லிப்ல நேர் எதிரான தொல்லையும் பார்த்திருப்பீங்க. ஒவ்வொரு புள்ளிக்கும் ஆக்ஸிஸை கிளியர் பண்ணி மறுபடி வரையுற கோடு. யூசர் ஆசையா ஒரு இடத்தை ஜூம் பண்ணிப் பார்ப்பார். அடுத்த செகண்ட் பழைய இடத்துக்கே போயிடும். மறுபடி ஜூம் பண்ணுவார், மறுபடி போயிடும். முதல்ல சொன்னதுல மவுஸ் புரோகிராமைக் கெடுத்துது. இதுல புரோகிராம் மனுஷனோட சண்டை போடுது.

"அப்போ மவுஸையே ஆஃப் பண்ணிடலாமே ப்ரோ?" பண்ணலாம். பைக்யூடிகிராஃப்ல 'செட் மவுஸ் எனேபிள்ட்'ல எக்ஸ், ஒய் ரெண்டுக்கும் ஃபால்ஸ் கொடுத்தா இழுக்கிறதும் உருட்டுறதும் வேலை செய்யாது. 'செட் மெனு எனேபிள்ட்' ஃபால்ஸ் கொடுத்தா ரைட் கிளிக் மெனு வராது. மேட்பிளாட்லிப்ல அந்த ஆக்ஸிஸுக்கு 'செட் நேவிகேட்' ஃபால்ஸ். சுவத்துல மாட்டுற டிஸ்ப்ளேன்னா இதைக் கண்ணை மூடிட்டுப் பண்ணுங்க.

ஆனா நானும் டெக்னீஷியன் அண்ணன் உட்காருற டேபிள்ல இதைப் பண்ணினேன். மறுநாளே அவர் வந்து, "தம்பி, ரெண்டரை மணிக்கு ஒரு சின்ன மேடு மாதிரி தெரிஞ்சுது. பெருசாக்கிப் பார்க்க முடியலையே"ன்னார். அவரோட வேலையே உத்துப் பார்க்கிறதுதான். அந்தக் கண்ணாடியை நான் பிடுங்கி வெச்சுட்டேன்.

யூடியூப்ல லைவ் பார்த்திருப்பீங்க. 'லைவ்'னு சிவப்புப் புள்ளி இருக்கும். விட்ட பாலைப் பார்க்க பின்னாடி இழுத்தா, புள்ளி சாம்பல் நிறமாயிடும். தட்டினா திரும்ப லைவுக்கு வந்துடும். பின்னாடி போக உங்களை யாரும் தடுக்கலை. ஆனா நீங்க இப்போ லைவ்ல இல்லைங்கிறதை மறைக்கவும் இல்லை.

அதையே செய்தேன். பைக்யூடிகிராஃப்ல யூசர் கையால ரேஞ்சை மாத்தும்போது மட்டும் வர்ற ஒரு சிக்னல் இருக்கு, 'சிக் ரேஞ்ச் சேஞ்ச்ட் மேனுவலி'ன்னு பேரு. அது வந்த உடனே கிராஃபோட பின்னணி மஞ்சளாகும், 'பழைய டேட்டாவைப் பார்க்கிறீர்கள்'னு பட்டை வரும், பக்கத்துல பெரிய 'லைவ்' பட்டன். ரெண்டு நிமிஷம் யாரும் மவுஸைத் தொடலைன்னா அதுவே லைவுக்குத் திரும்பிடும். கடைசி எண்ணை மட்டும் கிராஃபுக்கு வெளியில பெரிய எழுத்துல, எத்தனை செகண்டுக்கு முன்னாடி வந்ததுங்கிறதோட போட்டேன். அஞ்சு செகண்டுக்கு மேல புது டேட்டா வரலைன்னா எண் மறைஞ்சு கோடு மட்டும் தெரியும். 38.6 ராத்திரி பூரா உட்கார்ந்திருக்க முடியாது. டேட்டா விட்டுப் போன இடத்துல 'நான்' மதிப்பைச் சேர்த்தேன். இப்போ அங்க கோடு உடைஞ்சு வெற்றிடமா தெரியும். இல்லாத டேட்டாவை இல்லைன்னே காட்டுறது நல்லது.

வீல் உருட்டினா அலாரம் மாறுது

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனா என்னை ரொம்ப பயமுறுத்தினது இதுதான்.

கிராஃபுக்குப் பக்கத்துல ஒரு பேனல். அதுல அலாரம் அடிக்க வேண்டிய டெம்பரேச்சர், ஒரு ஸ்பின் பாக்ஸ்ல 60. பேனல் நீளமா இருக்கு, கீழ போக வீலை உருட்டுறீங்க. உருட்டும்போது கர்சர் அந்த ஸ்பின் பாக்ஸ் மேல போயிடுச்சு. 60 இப்போ 64. யாரும் கவனிக்கலை. க்யூடில ஸ்பின் பாக்ஸ் வீல் உருட்டினாலே ஃபோகஸை வாங்கிக்கும், அதோட இயல்பு அது. அதோட ஃபோகஸ் பாலிசியை 'ஸ்ட்ராங் ஃபோகஸ்'னு மாத்தணும், ஃபோகஸ் இல்லாதப்போ வர்ற வீல் ஈவென்ட்டை 'இக்னோர்' பண்ணணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் வேலைக்கு ஆகும். இந்த மாதிரி எண்கள் மாறின உடனே நடைமுறைக்கு வரக் கூடாது. 'சேவ்' பட்டன் தட்டி, 60ல இருந்து 64ஆ மாத்தட்டுமான்னு கேட்டு, மாத்தின நேரத்தை லாக்ல எழுதினதுக்கு அப்புறம்தான் வரணும்.

யாருமே தொடலை, ஆனா கர்சர் ஓடுது

இதைச் சொன்னா நிறைய பேர் நம்ப மாட்டாங்க. ஒருநாள் ஜிபிஎஸ் மாட்யூல் ஒண்ணை யூஎஸ்பி-சீரியல் கேபிள்ல மாட்டினேன். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணேன். கர்சர் பேய் பிடிச்ச மாதிரி ஸ்க்ரீன் முழுக்க குதிக்குது. தானா கிளிக் பண்ணுது, மெனு திறக்குது. வைரஸ்னு நெனச்சு நெட் கேபிளைப் பிடுங்கிட்டேன்.

விஷயம் என்னன்னா, யூஎஸ்பி வர்றதுக்கு முன்னாடி நிறைய மவுஸை சீரியல் போர்ட்ல மாட்டுவாங்க. 1,200 பாட்ல, ஒரு அசைவுக்கு மூணு பைட்டா பேசும். அந்தப் பழைய மவுஸ் இருக்கான்னு விண்டோஸ் இன்னமும் தேடிப் பார்க்குது. அது தேடுற நேரத்துல நம்ம கருவி கேக்காமலே டேட்டாவைக் கொட்டிட்டு இருந்தா, 'ஓ, நீதானா அந்த மவுஸ்'னு முடிவு பண்ணிடும். அதுக்கு அப்புறம் வர்ற ஒவ்வொரு அட்சரேகை, தீர்க்கரேகையும் அதுக்கு ஒரு கர்சர் அசைவு. டிவைஸ் மேனேஜர்ல மவுஸ் வரிசையில 'மைக்ரோசாஃப்ட் சீரியல் பால்பாயின்ட்'னு ஒண்ணு உட்கார்ந்திருக்கும். அதை டிஸேபிள் பண்ணினா போதும், சரியாயிடும். அன்இன்ஸ்டால் பண்ணாதீங்க, மறுபடி வந்துடும்.

நீங்களே ஃபர்ம்வேர் எழுதுறீங்கன்னா இன்னும் நல்ல வழி இருக்கு. பவர் வந்த உடனே பேச ஆரம்பிக்காதீங்க. கம்ப்யூட்டர்ல இருந்து 'ஆரம்பி'ன்னு ஒரு கமாண்ட் வந்தா மட்டும் டேட்டாவை அனுப்புங்க.

கடைசியா

இப்போ லைவ் கிராஃப் புரோகிராம் எழுத உட்கார்ந்தா, முதல்ல ஒரு பேப்பர்ல மூணு கட்டம் போடுவேன். பார்வை, செட்டிங், பதிவு. பார்வையை மவுஸ் இஷ்டத்துக்கு மாத்தலாம், மாத்தினது தெரியணும். செட்டிங்கை மாத்தலாம், ஆனா ஒரு தடவை கேட்டுக்கணும். பதிவை மவுஸால எந்த வழியிலயும் தொட முடியக் கூடாது.

முடிச்சதும் ஒரு டெஸ்ட். செகண்டுக்கு ஒரு வரி வர்ற செட்டப்ல, அஞ்சு நிமிஷம் சின்னக் குழந்தை மாதிரி விளையாடுவேன். கண்டபடி கிளிக், இழு, உருட்டு, விண்டோவைப் பிடிச்சு சுத்து, பட்டனை அழுத்திட்டு விடாம வெச்சிரு. அப்புறம் ஃபைலைத் திறந்து வரியை எண்ணுவேன். 300 இருக்கணும். ஒண்ணு ரெண்டு கூடக் குறைய இருந்தா எல்லைக் கணக்கு. 280 இருந்தா, திரும்ப கோடைத் திறக்கணும். உங்க புரோகிராமை இன்னைக்கே இப்படி ஒருதடவை பண்ணிப் பாருங்க.

அந்த 'தொடாதீர்கள்' பேப்பரை, டீ கப் சம்பவம் நடந்த அன்னைக்கே கிழிச்சுட்டேன். சாயங்காலம் அக்கா வர்ற வரைக்கும் இருந்து, "அக்கா, அன்னைக்கு உங்க மேல தப்பில்லை. நான் எழுதினதுதான் தப்பு. சாரி"ன்னு சொன்னேன். என்னைத் திட்டினவர்கிட்டயும் சொல்லிட்டேன்னேன். அக்கா பெருசா எடுத்துக்கலை. மானிட்டரைப் பார்த்துட்டு, "அப்போ இனிமே இந்த டேபிளைத் தொடைக்கலாமா தம்பி? மூணு வாரமா தூசி ஏறிக் கெடக்கு"ன்னு கேட்டாங்க.

எனக்கு அப்போதான் அது உறைச்சது. என் கோடுல இருந்த தப்புக்கு, மூணு வாரமா ஒருத்தர் தன் வேலையைச் செய்ய முடியாம சுத்திப் போயிட்டு இருந்திருக்காங்க. ஒரு புரோகிராமைச் சுத்தி 'தொடாதே'ன்னு பேப்பர் ஒட்டியிருந்தா, அதை நான் இப்போ ஒரு பக் ரிப்போர்ட்டாத்தான் படிக்கிறேன்.

உங்க ஆபீஸ்லயோ லேப்லயோ இப்படி ஒரு பேப்பர் ஒட்டியிருக்கா? எதுக்காக ஒட்டினாங்கன்னு விசாரிச்சு எனக்கு எழுதுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம். அதுவரைக்கும், டீ கப்பை மவுஸுக்குத் தள்ளியே வைங்க!